எடைக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு

ஒருவர் "உடல் எடைக்கும் புற்றுநோய்க்கும் சம்பந்தமே இல்லை, எல்லாம் பரம்பரைதான்" என்று எழுதியிருக்கிறார். அது சரியல்ல. பரம்பரையாக வரும் மரபணு மாற்றத்தால் உண்டாகும் புற்றுநோய்கள் மொத்தத்தில் 5 முதல் 10 சதவீதம்தான். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசி, 13 வகைப் புற்றுநோய்களுக்கும் அதிக உடல் கொழுப்புக்கும் தொடர்பு உண்டு என்று சொன்னது. பெருங்குடல், கல்லீரல், பித்தப்பை, கணையம், சிறுநீரகம் எல்லாம் அதில் அடக்கம்.

கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோயில்தான் இந்தத் தொடர்பு மிக வலுவானது. மாதவிடாய் நின்ற பிறகு சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சுரப்பது ஏறக்குறைய நின்றுவிடும். அதற்கப்புறம் அதை உண்டாக்கும் முக்கிய இடம் கொழுப்புத் திசு. கொழுப்பு கூடக் கூட ஈஸ்ட்ரோஜனும் கூடி, உட்சுவர்ச் செல்களைப் பெருகத் தூண்டிக்கொண்டே இருக்கும். அந்த வயதில் மார்பகப் புற்றுநோய் அபாயம் கூடுவதற்கும் இது ஒரு காரணம்.

சரி, பருமனான எல்லோருக்கும் வருமா? இல்லை, பெரும்பாலோருக்கு வராது. ஒல்லியானவர்களுக்கும் வருகிறது. அதனால் நோயாளியிடம் போய் 'உன் எடையால்தான் வந்தது' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள், அது கொடுமை.

அப்புறம், மாதவிடாய் நின்றவர்களுக்கு மறுபடி ரத்தம் பட்டால், துளியாக இருந்தாலும், எடை எவ்வளவாக இருந்தாலும், உடனே மகளிர் மருத்துவரைப் பாருங்கள்; அது கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.