வாடகைத் தேதியும் வீட்டுக்காரரின் மௌனமும்

வாடகை வரவை எழுதிவைக்கும் என் நோட்டில் இரண்டு கட்டங்கள் உண்டு: வர வேண்டிய நாள், வந்த நாள். மாடி வீட்டுக்கு முதல் கட்டத்தில் எல்லா மாதமும் 5. இரண்டாவது கட்டத்தில் முதல் மாதம் 5, அடுத்த மாதம் 8, அதற்கடுத்து 11. நான்காம் மாதம் 17ஆம் தேதி ஆகியும் அது காலியாகவே இருந்தது. அதுவரை வாயே திறக்காமல் இருந்த நான், அன்று காலை படியேறிப் போய், அடக்கிவைத்திருந்த அத்தனையையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "சார், நீங்கள் இதுவரை ஒன்றும் சொல்லவில்லையே, அதனால் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன்" என்றார்.

கோபம் தணிந்த பிறகு யோசித்தால், தவறில் பாதி என்னுடையது. கெடு நாளை ஒப்பந்தத்தில் எழுதிவிட்டு, அது தாண்டும்போது பேசாமல் இருக்கும் வீட்டுக்காரர், தம் மௌனத்தாலேயே ஒரு புதிய கெடு நாளை உருவாக்கிவிடுகிறார். பல நாடுகளில், தாமதமாக வந்த வாடகையை மறுப்பேதும் சொல்லாமல் தொடர்ந்து வாங்கிக்கொண்டு வந்தால், அதையே சம்மதமாக எடுத்துக்கொள்ள நீதிமன்றங்களுக்கு இடமிருக்கிறது. பழைய தேதிக்குத் திரும்ப வேண்டுமானால், முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

சலுகை நாட்கள் என்பதையும் நம்மில் பலர் தவறாகவே புரிந்துவைத்திருக்கிறோம். 5ஆம் தேதி கெடு, 3 நாள் சலுகை என்றால், வாடகை 8ஆம் தேதி தர வேண்டியது என்று பொருளல்ல; 5ஆம் தேதியே அது பாக்கியாகிவிடுகிறது, 8 வரை தாமதக் கட்டணம் மட்டும் கிடையாது. இந்த வேறுபாட்டைக் குடிவரும் நாளிலேயே சொல்லாவிட்டால், குடியிருப்பவருக்கு 8ஆம் தேதிதான் கெடுவாகும், வீட்டுக்காரருக்கு 6ஆம் தேதியே எரிச்சல் தொடங்கும். கெடு நாள் வங்கி விடுமுறையில் விழுந்தால் என்ன செய்வது, பணம் அனுப்பிய நாளா, கணக்கில் வந்து சேர்ந்த நாளா எது கணக்கு என்பதையும் இரண்டு வரியில் எழுதிவிடலாம். வெள்ளிக்கிழமை மாலை அனுப்பிய பணம் திங்கட்கிழமை வந்து சேர்ந்ததற்காக உறவு முறிந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

தாமதக் கட்டணத்தில்தான் எனக்குச் சக வீட்டுக்காரர்களோடு உண்மையான மனத்தாங்கல். மாதத்துக்கு ஒருமுறை ஒரு சிறு தொகை என்றால் அது நினைவூட்டல். நாளொன்றுக்கு வாடகையில் 2 சதவீதம் என்றால், 15 நாள் தாமதத்துக்கு 30 சதவீதம் ஆகிவிடுகிறது, ஏற்கெனவே திணறுகிறவர் அதை எங்கிருந்து கொண்டுவருவார்? அதைவிடக் கொடியது வரவு வைக்கும் முறை. குடியிருப்பவர் இந்த மாத வாடகையைச் சரியான தேதியில் முழுதாகத் தருகிறார். வீட்டுக்காரரோ அதிலிருந்து சென்ற மாத அபராதத்தை முதலில் கழித்துக்கொண்டு, மீதியை வாடகையாக எழுதுகிறார். இந்த மாத வாடகை குறைந்துவிடுகிறது, குறைந்ததற்கு மறுபடி ஓர் அபராதம், அடுத்த மாதமும் அதே கதை. ஒரே ஒருமுறை தாமதித்தவர் ஓராண்டு முழுவதும் பாக்கிக்காரராகவே நிற்கிறார். ஒப்பந்தத்தில் இடமிருந்தாலும் இதை நான் நேர்மை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். வந்த பணம் முதலில் வாடகைக்கு, அபராதம் தனிக் கணக்கில் என்பதே என் முறை.

முன்பணத்தில் கழித்துக்கொள்ளச் சொல்கிறவர்களுக்கு மட்டும் நான் இளகுவதில்லை. அது காலி செய்யும் நாளுக்கான பணம்.

அன்று படியில் நின்றபடியே விசாரித்ததில், புது வேலையில் அவருக்குச் சம்பளமே 7ஆம் தேதிக்கு மேல்தான் வருகிறது என்று தெரிந்தது. 5ஆம் தேதியை நான் பிடித்துக்கொண்டிருந்ததோ என் வீட்டுக் கடன் தவணை 6ஆம் தேதி போவதால். என் கடனுக்கும் அவருடைய சம்பளத்துக்கும் என்ன தொடர்பு? ஒரு தவணைக்கான பணத்தை எப்போதும் கணக்கில் ஒதுக்கிவைப்பது என் பொறுப்பு என்று முடிவு செய்துகொண்டு, கெடுவை 10ஆம் தேதிக்கு மாற்றி, சலுகையை 2 நாளாகக் குறைத்து, இருவரும் கையெழுத்திட்டோம். 11ஆம் தேதி காலைக்குள் வராவிட்டால் ஒரு வரிக் குறுஞ்செய்தி அனுப்புவேன்: "வாடகை இன்னும் வரவில்லை, என்று எதிர்பார்க்கலாம்?" தாமதமாகும் என்றால் அவர் தேதியைச் சொல்ல வேண்டும், காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

சென்ற மாதம் 9ஆம் தேதியே பணம் வந்துவிட்டது. ரசீது அனுப்ப நான்தான் மறந்துபோனேன், 11ஆம் தேதி காலையில் அவரிடமிருந்து ஒரு வரிக் குறுஞ்செய்தி வந்தது: "ரசீது இன்னும் வரவில்லை, என்று எதிர்பார்க்கலாம் சார்?"