மேய்க்கிறவனைக் கேட்டீங்களா?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை மறுபடி எழுதப்போவதில்லை. வந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கு வீடியோ வந்து சேர்ந்திருக்கும், பெங்களூர் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் அந்த விஷயத்தில் படுவேகம். நைஜீரியாவில் மேய்ப்பர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடக்கும் சண்டையைப் பற்றிப் பேச வந்த நண்பர் வரைபடமெல்லாம் போட்டு நன்றாகத்தான் பேசினார். கடைசியில் "மேய்ச்சல்காரங்களை ஒரே இடத்துல உட்கார வெச்சுட்டா பிரச்சினை முடிஞ்சுது" என்றார் பாருங்கள், அங்கேதான் எழுந்தேன். "மேய்க்கிறவனைக் கேட்டீங்களா சார்?" இவ்வளவுதான் நான் கேட்டது. ஒரே சிரிப்பு. "மேடம் கீதாரி பரம்பரை போல" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

ஆமாம், ஊர் ஊராக ஆடு ஓட்டிப்போய் மேய்க்கும் கீதாரியின் மகள்தான். ராமநாதபுரம் பக்கம். அதற்கென்ன இப்போ?

நண்பர் காட்டிய பெனுவே மாநிலத்தையே எடுத்துக்கொள்வோம். வருடக்கணக்காக அடி வாங்கிய டிவ் இன விவசாயிகள் கேட்டார்கள் என்று 2017இல் அங்கே திறந்தவெளி மேய்ச்சலைத் தடை செய்து சட்டம் போட்டார்கள். நவம்பர் 1 முதல் அமல். மாட்டை இனி பண்ணையில் கட்டித்தான் வளர்க்க வேண்டும். சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாத ஃபுலானி இன மேய்ப்பன் பண்ணைக்கு எங்கே போவான்? கேட்டார்களா? அடுத்த புத்தாண்டன்று குமா, லோகோ வட்டாரங்களில் விவசாயிகள் மீது தாக்குதல். 2018 ஜனவரி 11 அன்று மாநிலத் தலைநகர் மக்குர்டியில் 73 பேரை ஒன்றாக அடக்கம் செய்தார்கள். சட்டம் இன்னும் இருக்கிறது. 2025 ஜூனில் அதே குமாவில் யெல்வாட்டா என்ற ஊரில் ஒரே இரவில் நூறு பேருக்கு மேல் செத்தார்கள்.

சட்டம்தான் கொன்றது என்று நான் சொன்னதாகத் திரிக்காதீர்கள். கொன்றவன் கொலைகாரன். அவனைப் பிடித்துக் கூண்டில் ஏற்ற வேண்டும், அங்கே பெரும்பாலும் அது நடப்பதே இல்லை என்பதால்தான் ஆளாளுக்குத் துப்பாக்கி எடுக்கிறார்கள். மாடு திருடும் கும்பல்கள் வேறு. இத்தனையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வடக்கு நைஜீரியாவில் 1965லேயே மேய்ச்சலுக்கென்று நிலம் ஒதுக்கச் சட்டம் இருந்தது. மாடு போக வழித்தடமும் இருந்தது. பிறகு அதிலெல்லாம் வயலும் வீடும் வந்தன. பாதையை உழுதுவிட்டு, "ஏன்டா வயலுக்குள்ள வர்றே?" என்றால் அவன் எந்த வழியாகத்தான் போவான்?

"அப்போ ஆடு பயிரை மேஞ்சா விவசாயி வேடிக்கை பார்க்கணுமா?" இந்தக் கேள்விக்கு மட்டும் பொறுமையாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இது நியாயமானது. கடன் வாங்கி விதைத்தவன் வயிறு எரியத்தான் செய்யும். எங்கப்பா வருஷா வருஷம் சம்பா அறுப்பு முடிந்ததும் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் போவார். பகலில் தாளடியில் மேய்ச்சல், ராத்திரி எருவுக்காக வலையடைத்து வயலிலேயே கிடை. "ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறுவருஷம்" என்று அங்கே விவசாயிகளே சொல்வார்கள், முன்பணம் கொடுத்துக் காத்திருப்பார்கள். ஆனால் அறுப்புக்கு முன்னாலேயே சில வயல்களில் உளுந்து தெளித்துவிடுவார்கள். தாளுக்கு நடுவே அது முளைத்து நிற்பது தூரத்திலிருந்து தெரியாது. ஒரு வருஷம் ஆடுகள் அப்படி ஒரு வயலில் விழுந்துவிட்டன. அப்பாவுக்கு மண்டையில் கம்படி. ஆட்டையெல்லாம் ஊருக்குள் அடைத்துவிட்டார்கள். நான் அப்போது அம்மாவோடு கிடையில் இருந்தேன். வேட்டித் துணியைக் கிழித்து அம்மா கட்டுப் போட்டது ஞாபகம் இருக்கிறது. அம்மா அழவில்லை, அவருக்குக் கோபம்.

மறுநாள் பேச்சு. ரெண்டு பக்கமும் சேராத ஒரு வயல்காரர் வந்து சேதத்தைப் பார்த்தார். அதற்கு ஈடாக அப்பா சில ராத்திரி கூலியில்லாமல் கிடை போட்டார். அடித்தவர் வைத்தியச் செலவு கொடுத்தார். அதோடு விடவில்லை. உளுந்து தெளித்த வயலோரம் குச்சி நட்டு வைக்கோல் பிரி கட்டுவது, எந்த வாய்க்கால் கரை வழியாக ஆடு வரும், எந்த மடையில் தண்ணீர் காட்டலாம், எல்லாம் பேசி முடித்தார்கள். அப்பா தலைக்கட்டோடு அங்கே உட்கார்ந்திருந்தார். அவரிடம் கேட்டார்கள். அடுத்த வருஷம் முன்பணம் கொடுத்தவரே அந்த உளுந்து வயல்காரர்தான்.

"ஆட்டுக்கிடைப் பஞ்சாயத்தும் ஏகே 47 சண்டையும் ஒண்ணா?" ஒன்றில்லை. கென்யாவில் வஜீர் என்று ஓர் இடம். 1990களின் தொடக்கத்தில் அங்கேயும் துப்பாக்கிதான். தேகா இப்ராஹிம் அப்தியும் இன்னும் சில பெண்களும் சந்தையிலிருந்து ஆரம்பித்தார்கள். எந்தக் குலத்துப் பெண்ணும் அங்கே பயமில்லாமல் வாங்கலாம் விற்கலாம் என்று முதலில் அதை உறுதி செய்தார்கள். பிறகு பெரியவர்கள், இளைஞர்கள், அதிகாரிகள் என்று ஒவ்வொருவராக உட்கார வைத்து 1993இல் ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். எங்கே மோதல் கிளம்பினாலும் உடனே ஓடிப்போய்ப் பேச ஒரு குழுவும் வைத்தார்கள். அது மேய்ப்பர் குலங்களுக்குள் நடந்த சண்டை, விவசாயி இல்லை என்பீர்கள். சரி, இல்லைதான். சம்பந்தப்பட்டவனைக் கேட்டார்களா இல்லையா?

"நாடோடி வாழ்க்கையை ரொமான்டிசைஸ் பண்றீங்க" என்று எழுதிய அன்பருக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. ஒரு மார்கழி ராத்திரி வயலில் படுத்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.

நைஜீரியா தூரம். இங்கே வாருங்கள். கர்நாடக விதிப்படி நூறு மாட்டுக்கு 12 ஹெக்டேர் கோமாளா, அதாவது பொது மேய்ச்சல் நிலம் ஊரில் இருக்க வேண்டும். நாம் குடியிருக்கும் சர்ஜாபுரா ரோட்டில் அது எங்கே என்று யாராவது காட்டுங்கள். போன மாதம் எங்கள் அப்பார்ட்மென்ட் மதிலோரம் ஒரு பெரியவர் ஆடு மேய்த்துக்கொண்டு போனார். செக்யூரிட்டி விரட்டினார், குரூப்பில் அதற்குக் கைதட்டல் எமோஜி. வலசை போகும் மேய்ப்பர்களைத் தாக்குவதற்கு எதிராக 2025இல் இந்த மாநிலச் சட்டமன்றமே மசோதா நிறைவேற்றியது. அடி விழாத இடத்தில் எதற்குச் சட்டம்? அதைப் பற்றி ஒரு கூட்டம் போட்டோமா? ஆப்பிரிக்கா என்றால்தான் நமக்கு அறிவு பொங்குகிறது.

பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் மற்ற பிள்ளைகளிடம் "படிக்கலைன்னா ஆடு மேய்க்கத்தான் போவே" என்று சொல்லும்போதெல்லாம் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அப்பா மேய்த்த ஆட்டில் ஃபீஸ் கட்டித்தான் நான் பி.காம். முடித்தேன். ஞாயிற்றுக்கிழமை சிரித்தவர்களில் ரெண்டு பேருக்கு வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுத்தவளும் நான்தான். அப்போது பரம்பரை ஞாபகம் வரவில்லை.

அடுத்த மாதம் இதே தலைப்பில் தொடர்ச்சி உண்டாம். பாகல்கோட்டிலிருந்து ஆடு ஓட்டி வரும் ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும், அவர்கள் கன்னடத்தில் பேசட்டும், நான் மொழிபெயர்க்கிறேன் என்று அமைப்பாளருக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன். நீல டிக் விழுந்துவிட்டது. பதில் இல்லை.

கமெண்ட்டைப் பூட்டவில்லை, திட்டுவதாக இருந்தால் தாராளமாகத் திட்டலாம். ஆட்டுத்தலை ஸ்டிக்கர் போடுகிறவர்களை மட்டும் பிளாக் செய்வேன். ஏற்கெனவே சிலரைச் செய்தாயிற்று.