முகப்புத் தூண் வந்த மலை

எங்கள் செட்டிநாட்டு வளவை (பல கட்டுகள் கொண்ட பெரிய வீட்டை)ப் பார்க்க வருகிறவர்களிடம் ஆத்தங்குடித் தளம், இத்தாலியப் பளிங்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஊர்ப்பெயர் சொல்கிற நாம், முகப்புத் தூணுக்கு வந்ததும் கையால் ஒரு தட்டுத் தட்டி, "பர்மாத் தேக்கு" என்று மட்டும் சொல்லி அடுத்த கட்டுக்கு நகர்ந்துவிடுகிறோம். ஒரு நாட்டின் பெயரோடு அந்தத் தூணின் கதையை முடித்துக்கொள்வது முறையன்று என்பது என் கருத்து.

பர்மாத் தேக்குக்குப் பெயர்பெற்றவை பெகு யோமா மலைத்தொடரின் காடுகள். (சால்வீன் ஆற்று வழியே மோல்மேன் துறைக்கு வந்த தேக்கும் உண்டு, எந்தத் தூண் எங்கிருந்து வந்தது என்று நான் சாதிக்க வரவில்லை.) ஐராவதிக்கும் சித்தாங் ஆற்றுக்கும் நடுவே, வடக்குத் தெற்காகச் சுமார் 435 கி.மீ. நீளும் இத்தொடரின் சராசரி உயரம் 600 மீட்டர்தான். பிரான்மலை ஏறிப் பழகியவர்களுக்கு அது பெரிய உயரமாகத் தோன்றாது. வடமுனையில் 1,518 மீட்டர் உயரத்தில் பொப்பா என்னும் அணைந்த எரிமலை நிற்கிறது. தென்முனையின் கடைசிக் குன்றின்மேல் இருப்பதுதான் இரங்கூனின் சுவேதகோன் பகோடா. கொண்டுவிற்க, அதாவது வட்டித்தொழில் செய்ய, பர்மா போன நம் செட்டியார் ஐயாமார் கப்பலிலிருந்து கண்ட அந்தப் பொன் கோபுரம், இந்த மலையின் வால்நுனியில்தான் எழுந்து நிற்கிறது.

பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது. ஆகவே மரத்தின் அடியைச் சுற்றிப் பட்டையையும் வெண்மரத்தையும் வெட்டிவிட்டு, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நின்ற நிலையிலேயே காயவிட்டு, பிறகே சாய்த்தார்கள். யானைகள் அதை ஓடைக்கு இழுத்துவந்து போடும். மழைக்கால வெள்ளம் வந்து அதை ஆற்றுக்குத் தள்ளும். ஆற்றில் தெப்பமாகக் கட்டப்பட்டு மரம் இரங்கூன் சேரும். ஓர் ஆண்டு மழை பொய்த்தால் மரம் ஓடையிலேயே கிடக்கும். 1856-இல் இக்காடுகளின் பொறுப்பேற்ற ஜெர்மானியர் பிராண்டிஸ், கரேன் மலைமக்கள் காடு திருத்தி நெல் விதைக்கும் இடத்திலேயே தேக்கும் நடச்செய்தார். 'தாங்யா' என்னும் அம்முறை பின்னர் உலகெங்கும் பரவியது.

நாம் சொல்லத் தயங்கும் பகுதி இனிமேல்தான் வருகிறது. 1930 டிசம்பரில் இம்மலையின் மேற்கு அடிவாரமான தாராவடியில் சாயா சான் தலைமையில் உழவர்கள் ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தபோது, அவர்களுக்கு அரணாக இருந்தவை இந்தக் காடுகளே. தலைவரி ஒரு காரணம், நெல்விலை வீழ்ச்சி ஒரு காரணம், நம் வட்டிக்கடைகளில் வாங்கிய கடனும் ஒரு காரணம். 1931 நவம்பரில் சாயா சான் தூக்கிலிடப்பட்டார். கடன் திரும்பாமல் நிலங்கள் கைமாறியதில், 1937 அளவில் கீழ்ப்பர்மாவின் நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் பெயரில் இருந்தது. அடாவடியாகப் பறித்ததல்ல, விலை சரிந்ததால் வந்துசேர்ந்தது என்று நம்மவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் நிலத்தை இழந்தவனுக்கு அந்த வேறுபாடு எதற்கு உதவும்?

முகப்பில் வைக்கப்போகும் விவரப் பலகையில் மலையின் பெயர், 1930-இன் கதை இரண்டும் இருக்கவேண்டும் என்று சென்ற படைப்பின்போது (முன்னோர் வழிபாட்டுக்குக் கூடியபோது) பங்காளிகளிடம் சொன்னேன். "வீடு பார்க்க வருகிறவனிடம் வட்டிக் கணக்கை ஏனப்பா ஒப்பிக்கிறாய்?" என்றார் மூத்தவர் ஒருவர். மலையின் பெயரை மட்டும் எழுதிக்கொள்ள இசைந்திருக்கிறார். 1930-ஐப் பற்றி அடுத்த படைப்பில் மறுபடியும் பேசுவேன்.