பட்டா இருக்கும் நிலத்துக்குப் போலிப் பத்திரம்

ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, என் நண்பன் காசு கொடுத்து வாங்கிய விண்டோஸை அவன் கம்ப்யூட்டரிலிருந்து துடைத்து எறிந்துவிட்டு, அதே இடத்தில் திருட்டு விண்டோஸைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். தெரிந்து நான்கு நாளாகிறது. இன்னும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

நண்பன் மன்னார்குடியில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு சின்னக் கடை நடத்துகிறான். கடைக்கு மூலதனமே 2014இல் வாங்கிய ஒரு டெஸ்க்டாப்தான். வாங்கும்போதே அதில் விண்டோஸ் 8.1 இருந்தது. 2016 தொடக்கத்தில், இலவசமாக விண்டோஸ் 10க்கு மாறிக்கொள்ளலாம் என்று திரையில் அறிவிப்பு வந்தபோது நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தேன். கஜா புயலுக்குப் பிறகு பல நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்தும் பழுதாகாத கம்ப்யூட்டர் அது. அதன் ஜாதகமே எனக்கு மனப்பாடம்.

சென்ற சம்பாவில்தான் அது இழுத்துக்கொள்ளத் தொடங்கியது. பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்க, அடங்கலும் சிட்டாவும் பாஸ்புக் நகலுமாக விவசாயிகள் வாசல் வரை நிற்கிறார்கள். இங்கே ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். "மாப்பிள்ளை, புதிது வாங்க இப்போது வழியில்லை, இதையே தேற்றிக் கொடு" என்றான். பழைய ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக வேகமான எஸ்.எஸ்.டி.யும், 8 ஜி.பி. ரேமும் வாங்கச் சொன்னேன். ஞாயிறு வரை பொறுத்திருக்க அவனால் முடியவில்லை. உள்ளூரிலேயே ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்துவிட்டான். அவர்கள் இரண்டையும் ஒழுங்காகத்தான் பொருத்தினார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

ஆறு மாதம் கழித்துத் திரையின் வலது மூலையில், விண்டோஸை ஆக்டிவேட் செய்யுங்கள் என்று மங்கலான எழுத்து வந்து உட்கார்ந்துகொண்டது. அதே கடைக்குப் போய்க் கேட்டிருக்கிறான். "லைசென்ஸ் காலாவதியாகிவிட்டது சார். இன்னொரு ஐந்நூறு கொடுங்கள், அல்லது ஒரிஜினல் வேண்டுமென்றால் பத்தாயிரம் ஆகும்" என்று சொல்லியிருக்கிறார்கள். பத்தாயிரம்! ஒரு பக்கம் டைப் செய்தால் அவனுக்குக் கிடைப்பது இருபது ரூபாய். அன்று இரவு எனக்குப் போன் செய்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கும்பகோணத்தில் பஸ் ஏறினேன். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் அரை மணி நேரம் நின்றேன். அது தனிக் குமுறல், இன்னொரு நாள் எழுதுகிறேன். கடைக்குப் போனதும் கறுப்புக் கட்டளைத் திரையைத் திறந்து எஸ்.எல்.எம்.ஜி.ஆர்., ஓர் இடைவெளி, சாய்கோடு, டி.எல்.ஐ. என்று அடித்தேன். லைசென்ஸ் எந்த வகை என்று காட்டும் கட்டளை அது. ஒரு சின்னப் பெட்டி திறந்தது. விண்டோஸ் ப்ரொபஷனல், வால்யூம் கே.எம்.எஸ். கிளையன்ட் என்றது. எனக்குத் தலைக்கு மேல் ஏறியது.

வால்யூம் லைசென்ஸ் என்பது பல கம்ப்யூட்டர்கள் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கானது. நிறுவனத்துக்குள் கே.எம்.எஸ். என்னும் ஒரு சர்வர் இருக்கும்; ஒவ்வொரு கம்ப்யூட்டரும் அதைக் கேட்டு 180 நாளுக்குத் தன் உரிமையைப் புதுப்பித்துக்கொள்ளும். திருட்டுக் கருவி செய்வது, அந்த சர்வராக நடிப்பது. நடிப்பு எங்கோ தடைப்பட்டால் 180 நாளில் சாயம் வெளுத்துவிடும். நண்பனுக்கு நேர்ந்தது இதுதான். அவனுடைய லைசென்ஸ் காலாவதியாகவே இல்லை. அவனுடைய உண்மையான லைசென்ஸை அவர்கள் தொடவே இல்லை!

விண்டோஸ் 10க்கு மாறிய அன்றே அந்தக் கம்ப்யூட்டரின் அடையாளம், முக்கியமாக எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டின் அடையாளம், விண்டோஸைத் தயாரிக்கும் மைக்ரோசாஃப்டின் சர்வரில் பதிவாகிவிட்டது. டிஜிட்டல் லைசென்ஸ் என்பது அதுதான். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எறிந்தாலும் ரேமை இரட்டிப்பாக்கினாலும் அந்தப் பதிவு அழியாது. அதே பதிப்பை மறுபடி நிறுவி இணையத்தில் இணைத்தால் போதும். அவனுடையது ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் பதிப்பு. கடைக்காரர்கள் போட்டது ப்ரொபஷனல். ஹோமுக்கான உரிமை ப்ரொபஷனலுக்குச் செல்லாது என்பதால் அது ஆக்டிவேட் ஆகவில்லை. ஆகவில்லை என்பதால் திருட்டுக் கருவியை ஏவியிருக்கிறார்கள். சொந்தப் பட்டா உள்ள நிலத்துக்குப் போலிப் பத்திரம் எழுதிக் கொடுத்து, அதற்குக் கூலியும் வாங்கியிருக்கிறார்கள்.

இதைவிட மோசமானதை அடுத்துப் பார்த்தேன். வைரஸ் தடுப்புப் பகுதியைத் திறந்தால், ஒரு ஃபோல்டரைச் சோதிக்கவே கூடாது என்று விலக்குக் கொடுத்து வைத்திருந்தார்கள். திருட்டுக் கருவி மாட்டிக்கொள்ளாமல் இருக்க அந்த ஏற்பாடு. அந்தக் கம்ப்யூட்டரில் யாருடைய விவரங்கள் இருக்கின்றன? வடுவூரிலிருந்தும் கோட்டூரிலிருந்தும் வந்து நின்ற விவசாயிகளின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, கைப்பேசி எண், நிலத்தின் சர்வே எண். வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்டுவிட்டு வாசலில் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். யார் பொறுப்பு இதற்கு?

வானவில் என்னும் தமிழ் எழுத்துருவில் நண்பன் அடித்த மனுக்கள், பத்து வருடச் சேமிப்பு, எல்லாவற்றையும் வெளி டிஸ்கில் எடுத்து வைத்தேன். மைக்ரோசாஃப்டே தரும் கருவியைக் கொண்டு நான் தயார் செய்து எடுத்துப் போயிருந்த பென்டிரைவைச் செருகினேன். சாவி, அதாவது லைசென்ஸ் எண், கேட்ட இடத்தில் என்னிடம் சாவி இல்லை என்பதைத் தேர்ந்தேன். பதிப்புகளின் பட்டியலில் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ். நிறுவி முடித்து இணையத்தில் இணைத்தேன். செட்டிங்ஸில் பார்த்தால், டிஜிட்டல் லைசென்ஸ் மூலம் ஆக்டிவேட் செய்யப்பட்டுள்ளது என்று வந்துவிட்டது. ஒரு ரூபாய் செலவில்லை.

நண்பன் அந்த வரியை இரண்டு முறை படித்தான். "அப்படியென்றால் இது முதலிலிருந்தே என்னுடையதுதானா?" என்றான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது என் குரல் எனக்கே சரியாக வரவில்லை.

வாங்கும்போது யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? பில்லில் கம்ப்யூட்டர் ஒன்று என்று மட்டும் எழுதுகிறார்கள். அதோடு வரும் விண்டோஸ் அந்தப் பெட்டியோடு பிறந்து அந்தப் பெட்டியோடு சாகும் வகை. தனியாக வாங்கும் விண்டோஸை மட்டுமே பழைய கம்ப்யூட்டரிலிருந்து நீக்கிவிட்டு இன்னொன்றுக்குக் கொண்டுபோகலாம், அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றில்தான். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எதை வாங்கினோம் என்று வாங்கியவனுக்கே தெரியாது.

இதில் அடிபடுகிறவர்களும் இருக்கிறார்கள். நண்பனின் பக்கத்துக் கடைக்காரருக்கு ஐப்பசி மழையில் இடி விழுந்து மதர்போர்டு போய்விட்டது. பழுதான போர்டை அதே மாடலாலோ கம்ப்யூட்டர் தயாரிப்பாளர் தரும் மாற்றாலோ மாற்றினால் புதிய லைசென்ஸ் தேவையில்லை என்பது விதி. பன்னிரண்டு வருடப் பழைய போர்டின் அதே மாடலை அவர் எங்கே போய்த் தேடுவார்? திருச்சியில் கிடைத்த வேறொரு பழைய போர்டைப் போட்டார், விண்டோஸ் போயிற்று. இடி விழுந்ததற்கு அந்த மனிதர் அபராதம் கட்ட வேண்டுமா? இணையத்தில் முந்நூறு ரூபாய்க்குச் சாவி கிடைக்கிறதே என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த விலைக்கு வருபவற்றில் பல, எங்கோ ஒரு நிறுவனத்தின் வால்யூம் சாவிகள்; ஒரு நாள் ரத்து செய்துவிடக்கூடும்.

நண்பனின் நிம்மதிக்கும் ஆயுள் குறைவுதான். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. பாதுகாப்பு அப்டேட்டுகளை 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துத் தரும் திட்டத்தில் பதிவு செய்து கொடுத்தேன். விண்டோஸ் 11க்கு மாற அவன் லைசென்ஸுக்குத் தடையில்லை, கம்ப்யூட்டருக்குத்தான் தடை. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸர் வேண்டுமாம், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு சிப் வேண்டுமாம். அவனுடையது நான்காம் தலைமுறை. எஸ்.எஸ்.டி. போட்ட பிறகு புதிது மாதிரி ஓடுகிற கம்ப்யூட்டரை எடுத்துப் போட்டுவிடு என்கிறார்கள்.

மாலையில் நானே அந்த சர்வீஸ் கடைக்குப் போனேன். இருபது வயதுப் பையன் ஒருவன் இருந்தான். என்ன பதிப்பு இருந்தது என்று பார்த்துவிட்டுத்தானே தம்பி அழிக்க வேண்டும் என்று கேட்டேன். "எந்தக் கம்ப்யூட்டர் வந்தாலும் இந்தப் பென்டிரைவ்தான் சார் போடச் சொல்லியிருக்கிறார்கள்" என்றான். பொய் சொல்லவில்லை, அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மேசையில் இன்னும் நான்கு கம்ப்யூட்டர்கள் வரிசையில் இருந்தன. அவற்றில் ஒன்றின் பக்கவாட்டில் விண்டோஸ் ஸ்டிக்கர் கிழியாமல் அப்படியே ஒட்டியிருந்தது. அந்தக் கம்ப்யூட்டரிலாவது என்ன பதிப்பு என்று முதலில் பார்த்துவிட்டுப் போடச் சொல்லி, எப்படிப் பார்ப்பது என்று காட்டிக் கொடுத்தேன்.

நண்பனின் ஐந்நூறு ரூபாயைத் திருப்பிக் கேட்டேன். முதலாளி பட்டுக்கோட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறாராம். வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போகிறேன்.