ஒரு நாப்கினுக்காக அவள் பெயரை எடுத்துவிட்டார்கள்

ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு மலைச் சாலையில் நடந்த ஓட்டப் போட்டியில் என் மருமகளுக்கு நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் அதைப் பற்றிய வாட்ஸ்அப் குரல் பதிவைக் கேட்டிருப்பீர்கள். நான் பேச வேண்டாம் என்றுதான் இருந்தேன். மருமகள் "விடுங்கத்தை, பேசிட்டுப் போகட்டும்" என்றாள். மகனும் அதையே சொன்னான். ஆனால் நேற்று ராத்திரி ஒரு பெரிய மனிதர், "மாமியாரைப் பின்னாடியே கூட்டிக்கிட்டு ஓடுறதெல்லாம் ஒரு ஓட்டமா" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். சிரித்தவர்களில் என்னிடம் படித்தவர்களும் இருந்தார்கள். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நடுவழியில் நான் அவளுக்குக் கொடுத்தது ஒரு நாப்கின். குளுக்கோஸ் தண்ணீர் இல்லை, வாழைப்பழம் இல்லை, வண்டியில் ஏற்றி இரண்டு வளைவு தாண்டி இறக்கிவிடவும் இல்லை. ஒரு நாப்கின், ஒரு ஈரத்துணி, பழையதைச் சுற்றி எடுத்துவரச் செய்தித்தாள். உதவி மையத்தைத் தவிர வேறெங்கும் வெளியாள் கையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது என்பது விதியாம். அடிவாரத்தில் கிளம்பி, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏரியைத் தொட்டுவிட்டு மறுபடி அடிவாரம் வரைக்கும் இறங்கி, கொடுத்த நேரத்துக்குள் ஓடி முடித்தாள். சாயங்காலம் பட்டியலில் அவள் பெயர் இல்லை. கடைசியில் தனியாக ஒரு வரி: வெளி உதவி பெற்றதால் தகுதி நீக்கம்.

இதில் எனக்கு ஆறாத விஷயம், அவள் முன்கூட்டியே கேட்டிருந்தாள் என்பதுதான். ஒரு மாதத்துக்கு முன்பே மின்னஞ்சல் அனுப்பினாள், பக்கத்தில் உட்கார்ந்து நானும் படித்துப் பார்த்தேன். "எனக்கு எண்டோமெட்ரியோசிஸ் என்ற கருப்பை சார்ந்த நோய் இருக்கிறது, திடீரென்று இரத்தப்போக்கு வரும், நடுவழியில் தண்ணீர் கொடுக்கும் இடத்தில் என் பை ஒன்றை வைத்துக்கொள்ளலாமா, வழியில் கழிவறை எங்கே இருக்கும்", இவ்வளவுதான் கேட்டிருந்தாள். பதில் இல்லை. மறுபடி அனுப்பினாள். டி-ஷர்ட் அளவைச் சரிபார்க்கச் சொல்லிப் பதில் வந்தது. பையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதனால்தான் நான் விடியற்காலையிலேயே காரில் போய் பதினோராவது வளைவில் நின்றேன். அங்கே குரங்குகள் பையைப் பிடுங்கும் என்று தெரிந்து, மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தேன்.

அவள் ஏறி வந்தபோது முகம் சாம்பல் பூத்திருந்தது. கறுப்புக் கால்சட்டைதான், ஆனாலும் உள்தொடை வரைக்கும் நனைந்து பளபளவென்று ஒட்டியிருந்தது. ஷூவின் வெள்ளை ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு. அவள் ஒன்றும் கேட்கவில்லை, கையை மட்டும் நீட்டினாள். சுவருக்கு அந்தப்பக்கம் சில்வர் ஓக் மரத்தடியில் அவளை நிற்க வைத்து, நான் சால்வையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து மறைத்துக்கொண்டேன். வளைவில் திரும்பும் பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டே போனார்கள். பைக்கில் வந்த தன்னார்வலர் பையன், கல்லூரிப் பிள்ளையாக இருக்க வேண்டும், தலையைக் குனிந்துகொண்டு அவள் எண்ணை போனில் குறித்துக்கொண்டான். "ரூல்ஸுங்கம்மா" என்றான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்கு யாரும் எதையும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்திருக்க வேண்டியவர்கள்மேல்தான் கோபம்.

எண்டோமெட்ரியோசிஸ் என்பது வெறும் மாதாந்திர வயிற்றுவலி இல்லை. கருப்பையின் உட்புறத்தில் இருக்கும் படலத்தைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பையில், குடல்மேல், அடிவயிற்றில் எங்கெங்கோ வளர்கிறது. ஒவ்வொரு மாதமும் அந்த இடங்களிலும் வீக்கம், எரிச்சல், நாளாக நாளாகத் தழும்பு. உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் உண்டு. குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, அதாவது உலகம் முழுக்க 19 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இருந்தும் இதுதான் நோய் என்று கண்டுபிடிக்கவே பல வருஷம் ஆகிறது. சாதாரண ஸ்கேனில் பல நேரம் ஒன்றும் தெரியாது. என் மருமகளுக்கும் ஸ்கேன் சுத்தம் என்றுதான் முதலில் சொன்னார்கள். கல்யாணமானால் சரியாகிவிடும், குழந்தை பெற்றால் சரியாகிவிடும் என்றும் சொன்னார்கள். வயிற்றில் சிறு துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி செய்த பிறகுதான் பெயர் தெரிந்தது.

சரி, எழுதியிருக்கும் பதில்களுக்கு வருகிறேன்.

"விதி எல்லாருக்கும் ஒன்றுதானே" என்கிறார்கள். ஆமாம், விதி வேண்டும். சொந்தக்காரர் பைக்கில் கூடவே வந்து இளநீர் கொடுத்து, வேகம் சொல்லிக்கொண்டே ஓட்டினால் அது அநியாயம், ஒப்புக்கொள்கிறேன். நாப்கினால் யாருக்காவது ஒரு நொடி வேகம் கூடுமா? அங்கே நின்று மாற்றியதில் அவளுக்கு நேரம்தான் போனது. போட்டி நடத்துகிறவர்களே, தண்ணீரையும் உப்புக் கரைசலையும் வழியில் நீங்களே வைக்கிறீர்கள், ஏனென்றால் வியர்வை போகும் உடம்புக்கு அது தேவை. இரத்தம் போகும் உடம்பு ஓட வரும் என்பது மட்டும் உங்கள் கணக்கில் இல்லை. பெண்களிடமும் அதே பதிவுக் கட்டணம்தான் வாங்கினீர்கள். பதக்கத்தில் பெண் ஓடுகிற படம்கூடப் போட்டிருந்தீர்கள்.

"தேதி தெரியும்தானே, அந்த மாதம் ஓடாமல் இருக்கலாமே." எழுதியவர் பெண், அதனால் இன்னும் வலித்தது. பதிவு செய்தது ஆறு மாதத்துக்கு முன்னால். இந்த நோய்க்குக் கொடுக்கும் ஹார்மோன் மாத்திரையிலேயே நடுநடுவே இரத்தம் கசியும், காலண்டர் பார்த்து வராது. அப்புறம், மாத்திரை போட்டு மாதவிடாயைத் தள்ளிப்போடுவதைப் பற்றிச் சொல்கிறேன். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை வந்தால் மருந்துக்கடையில் எத்தனை பெண்கள் அந்த மாத்திரைக்கு நிற்கிறார்கள் என்று நம்மூர்க்காரர்களுக்குத் தெரியும். அதன் பெயர் நோரெதிஸ்டிரோன். இங்கிலாந்தின் ஜெசிகா ஜட் என்ற ஓட்டக்காரிக்கு 2013 மாஸ்கோ உலகத் தடகளப் போட்டிக்கு முன்னால் இதையே கொடுத்தார்கள், முதல் சுற்றோடு வெளியேறினார். அது பெரிய தவறு, விளையாட்டு மருத்துவர்களுக்கே விஷயம் தெரியவில்லை என்று பிறகு வெளிப்படையாகப் பேசியவர் அதே நாட்டு மாரத்தான் ஓட்டக்காரர் பவுலா ராட்க்ளிஃப்.

அந்த ராட்க்ளிஃபைத்தான் இன்னொருவர் எங்களுக்கு எதிராக இழுத்துவந்திருக்கிறார். 2002 சிகாகோ மாரத்தானில் மாதவிடாய் வலியோடு ஓடி உலக சாதனை படைத்தாராம், இவளுக்கு என்னவாம். உண்மைதான், 2 மணி 17 நிமிடம் 18 வினாடி. நானும் படித்திருக்கிறேன். இஸ்ரேலின் ஓட்டக்காரர் லோனா சால்பீட்டரைப் பற்றியும் படியுங்கள். டோக்கியோ ஒலிம்பிக் மாரத்தானில் கடைசிக் கிலோமீட்டர்கள் வரைக்கும் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தவர், அதே வலியால் அப்படியே நின்றுவிட்டார். அடுத்த வருஷமே, 2022இல், உலகப் போட்டியில் வெண்கலம் வாங்கினார். பளு தூக்கும் நம் மீராபாய் சானு 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரே ஒரு கிலோவில் வெண்கலத்தை விட்டார், மூன்றாவது நாள் என்று அவரே வாய்விட்டுச் சொன்னார். ஒருத்திக்கு முடிந்தது என்பதற்காக எல்லாருக்கும் முடிய வேண்டும் என்று எந்த உடம்பு சொன்னது? ஆண் ஓட்டக்காரருக்குத் தசை பிடித்தால் மருந்து அடிக்கிறீர்கள், பிடித்துவிடுகிறீர்கள். கென்யாக்காரருக்குத் தசை பிடிக்கவில்லையே என்று யாரும் கேட்பதில்லை.

"ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓட வேண்டியதுதானே" என்றும் ஒருவர். தண்ணீர் வற்றிய உடம்போடு, மணிக்கணக்காக மலை ஏறும்போது இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குக் கேடு, வயிற்றையும் புண்ணாக்கும். அவளுடைய டாக்டர் ஓடும் நாளில் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அதனால் மாத்திரை இல்லாமல் அந்த வலியோடு ஏறினாள். அவளைத்தான் சாக்கு சொல்கிறவள் என்கிறீர்கள்.

பெண்கள் மாரத்தானை ஒலிம்பிக்கில் முதன்முதலாக வைத்ததே 1984இல்தான். அதற்கு முன்னால் அவ்வளவு தூரத்தைப் பெண் உடம்பு தாங்காது என்றார்கள். நான் அப்போது ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். நானும் இதே வலிக்காரிதான். எனக்கு நோயின் பெயர் கடைசி வரைக்கும் தெரியாது. வேலை பார்த்த பள்ளியில் பெண் ஆசிரியர்களுக்குக் கழிவறை கிடையாது, பக்கத்து வீட்டம்மாவிடம் கேட்டுப் போக வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் பின்னால் கறை இருக்கிறதா என்று பார்க்காமல் நான் கரும்பலகைப் பக்கம் திரும்பியதே இல்லை. புடவைத் தலைப்பைச் சுற்றிச் செருகிக்கொண்டு நின்றபடியே பாடம் நடத்துவேன். நாற்பது வயதுக்கு முன்னால் கருப்பையை எடுத்துவிட்டார்கள். ஏன் வலிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, இனித் தேவையில்லைதானே என்றார்கள். வீட்டில் எல்லாரும் தலையாட்டினார்கள், நானும் கையெழுத்துப் போட்டேன். அந்தக் காலத்தில் எனக்காக ஒருவர், ஒரே ஒருவர், ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு எங்காவது காத்திருந்திருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி இருந்திருக்கும். இதைப் படிக்கும் என் வயதுப் பெண்களுக்கு நான் சொல்வது புரியும்.

அதனால் "மாமியார் பின்னாடியே போகிறாள்" என்பதை நீங்கள் கேலியாகச் சொல்லுங்கள், எனக்கு அது பெருமை. போவேன். தினசரிக் காலண்டரில் அவள் நாட்களைப் பென்சிலில் குறித்து வைப்பது நான்தான். முடியாத நாளில் ஓடாதே என்று நான் சொல்வதில்லை, ஓடு என்றும் சொல்வதில்லை. அவள் உடம்பு, அவளுக்குத் தெரியும். சில நாள் மூக்கனேரிக் கரையில் மெதுவாக நடந்துவிட்டு வந்துவிடுவோம். அதிகாலையில் வெந்நீர்ப் பை, கார் இருக்கையில் கறுப்புத் துண்டு, மாற்றுத் துணி, பேரீச்சம்பழம், எல்லாம் இரவே எடுத்து வைப்பேன். இதையெல்லாம் என் மகன் செய்வதில்லையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். செய்கிறான். அன்றைக்கு அவனுக்கு ஆலையில் ஷிப்ட். அவன் வந்து நின்றிருந்தால் "நல்ல கணவன்" என்று கைதட்டியிருப்பீர்கள், நான் நின்றதால் கேலி. அப்படித்தானே? மருமகளின் நாப்கினை மாமியார் பொது இடத்தில் கொடுத்தாள் என்பதுதான் உங்களுக்கு உறுத்துகிறது. தீட்டு என்று அவளைத் திண்ணையில் உட்கார வைத்திருந்தால் யாரும் ஒரு வார்த்தை எழுதியிருக்க மாட்டீர்கள்.

நடத்தியவர்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அவள் பெயரை அவள் ஓடிய நேரத்தோடு பட்டியலில் சேருங்கள். தண்ணீர் வைக்கும் இடமெல்லாம் ஒரு டப்பாவில் நாப்கின் வையுங்கள், மேலே ஏறும் வழியில் ஒரு தற்காலிகக் கழிவறை வையுங்கள், மருத்துவக் காரணம் சொல்லிக் கேட்பவர்களுக்குப் பை வைக்க இடம் கொடுங்கள். லண்டன் மாரத்தானில் கர்ப்பமானவர்கள் தங்கள் இடத்தை அடுத்த வருஷங்களுக்குத் தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்று விதியையே மாற்றியிருக்கிறார்கள். அந்த மாநகரத்தால் முடிவது ஏற்காட்டில் முடியாதா? நாப்கினுக்குச் செலவாகும் என்றால் நானே வாங்கித் தருகிறேன், அதையும் 'வெளி உதவி' என்று சொல்லிவிடாதீர்கள்.

உள்பெட்டியில் தங்களுக்கும் இதேபோல் இருப்பதாக எழுதிய பெண்களுக்குத் தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை, அதனால் இங்கேயே சொல்கிறேன். வலி எந்தத் தேதியில், எங்கே, எப்படி என்று எழுதி வையுங்கள். மலம், சிறுநீர் போகும்போது வலித்தாலும், கணவரோடு சேரும்போது வலித்தாலும் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், அதை வைத்துத்தான் சந்தேகப்படுவார்கள். ஸ்கேன் சரியாக இருக்கிறது என்பதோடு விட்டுவிட வேண்டாம். இரத்தம் அதிகம் போகிறவர்கள், முக்கியமாக ஓடுகிறவர்கள், ஹீமோகுளோபினோடு, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே உடம்பின் இரும்புச் சேமிப்பு காலியாகியிருக்கும், மூச்சு வாங்கும், கால் கனக்கும், சோம்பேறி என்று பெயர் வாங்கிக் கொடுக்கும். இரும்பு மாத்திரையைக் காப்பி, டீயோடு சேர்த்துப் போடாதீர்கள், உடம்பில் ஒட்டாது. நம்ம ஏற்காட்டுக் காப்பியாகவே இருந்தாலும் இடைவெளி விட்டுக் குடியுங்கள். தனியாரில் செலவு செய்ய முடியாதவர்களுக்கு சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மகளிர் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் எனக்கு எழுதுங்கள், நான் கூட வருகிறேன்.