வழி நெருக்கமானதுதான், கல்லையும் நாமே போட வேண்டுமா?

"வழி நெருக்கமானதுதான் சிஸ்டர், சகித்துக்கொள்ளுங்கள்." போன வாரம் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது காதில் விழுந்தது. சொன்னவர் ஒரு மூத்த விசுவாசி. கேட்டுக்கொண்டு நின்றவர் கைக்குழந்தையோடு தனியாக வருகிற ஒரு தாய். குழந்தை அழுதால் எழுந்துபோய் உட்கார ஓர் இடம் வேண்டும், அங்கேயும் பிரசங்கம் கேட்கிற மாதிரி ஒரு ஸ்பீக்கர் வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. ஒரு ஸ்பீக்கருக்காக மத்தேயு 7-ஆம் அதிகாரத்தை இழுத்துவிட்டோம்!

வழி நெருக்கமானது என்று ஆண்டவர் சொன்னது உண்மை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதே சுவிசேஷத்தின் 23-ஆம் அதிகாரத்தில், சுமக்க முடியாத பாரங்களை மனுஷர் தோளில் ஏற்றிவிட்டுத் தாங்கள் ஒரு விரலால்கூடத் தொடாதவர்களைப் பற்றி அவர் எவ்வளவு கோபமாகப் பேசுகிறார் என்று பாருங்கள். அவரைப் பின்பற்றுவதால் வருகிற நெருக்கம் வேறு, நம்முடைய சோம்பலாலும் அலட்சியத்தாலும் வருகிற நெருக்கம் வேறு. இரண்டாவதற்கும் "சிலுவை" என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

எனக்கு இந்த விஷயத்தில் அடிக்கடி நினைவுக்கு வருவது பழைய ஏற்பாட்டின் அடைக்கலப் பட்டணங்கள். மரம் வெட்டும்போது கோடரி காம்பைவிட்டுக் கழன்று போய் பக்கத்தில் நின்றவன்மேல் பட்டு அவன் செத்துப்போனால், வெட்டியவன் ஓடித் தப்பிக்க ஆறு பட்டணங்கள். பழிவாங்க வருகிறவன் பின்னால் துரத்துகிறான். "பட்டணம் இருக்கிறது, உன் சாமர்த்தியம், ஓடு" என்று தேவன் விட்டுவிடவில்லை, அதற்கு வழியையும் உண்டுபண்ணச் சொன்னார் (உபாகமம் 19). யூத ரபிமார் இதை இன்னும் விரித்து எழுதிவைத்தார்கள்: பொதுவழி 16 முழ அகலம் என்றால் அடைக்கலப் பட்டணத்துக்குப் போகிற வழி 32 முழம் இருக்க வேண்டும், வழி பிரிகிற இடங்களிலெல்லாம் "அடைக்கலம்" என்று எழுதிவைத்திருக்க வேண்டும்.

அந்தப் பலகையை யோசித்துப் பாருங்கள். ஓடுகிறவனுக்கு நின்று வழி கேட்க நேரமில்லை என்பது ஒருபக்கம். இன்னொன்று, வழி கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள், "என் கையால் ஒருவன் செத்துவிட்டான்" என்று ஒவ்வொரு சந்திப்பிலும் அவன் வாய்திறந்து சொல்ல வேண்டியிருக்கும். பலகை அவனை அந்த வெட்கத்திலிருந்தும் காப்பாற்றுகிறது. உதவி செய்ய நாம் தயார்தான், கேட்டால் செய்வோம் என்கிறோமே, கேட்பதே பலருக்குப் பாதிச் சுமை என்பது நமக்குத் தெரிவதில்லை. அந்தத் தாய் அன்று வாய்விட்டுக் கேட்பதற்கு முன்னால் எத்தனை ஞாயிறு வாசலுக்கு வெளியே நின்றிருப்பாரோ.

தண்ணீர் கலங்கும்போது முதலில் இறங்குகிறவன் சுகமாவான் என்று ஜனங்கள் காத்துக்கிடந்த பெதஸ்தா குளத்தங்கரையில், 38 வருஷம் வியாதியாய்க் கிடந்தவன் சொன்னதும் இதுதான், "கொண்டுபோய் விடுகிறதற்கு ஒருவருமில்லை."

அப்புறம் பர்திமேயு, வழியோரம் பிச்சை கேட்டு உட்கார்ந்திருந்த குருடன். அவன் இயேசுவைக் கூப்பிட்டபோது அநேகர் அவனைப் பேசாதிருக்கும்படி அதட்டினார்கள். அவர்கள் ஒன்றும் இயேசுவின் விரோதிகள் அல்ல, அவரோடு நடந்துவந்தவர்கள், அதுதான் உறுத்துகிறது. இயேசு நின்று அவனை அழைத்துவரச் சொன்னதும் அதே கூட்டம் "திடன்கொள், எழுந்திரு, உன்னை அழைக்கிறார்" என்கிறது. ஒரு நிமிஷத்துக்கு முன் அதட்டிய வாய்களும் அதில் இருந்திருக்கும். எனக்கு அந்தக் கூட்டத்தின்மேல் கோபம் வரவில்லை, கொஞ்சம் நம்பிக்கைதான் வருகிறது.

எல்லாவற்றையும் சுலபமாக்கினால் ஜனங்கள் கெட்டுப்போவார்கள் என்று ஒரு வாதம் வரும். அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பான் என்று கலாத்தியர் 6:5-ஐக் காட்டுவார்கள். சரி, ஆனால் மூன்று வசனம் மேலேதான் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கவும் சொல்லியிருக்கிறது. அவரவர் மூட்டையை அவரவர் தூக்கட்டும். வழியில் கிடக்கிற கல் யாருடைய மூட்டையிலும் சேராது.

இவ்வளவு பேசுகிற நான் யோக்கியனா என்றால், இல்லை. வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை, தப்புத்தப்பாகச் செய்து, திட்டு வாங்கி, கற்றதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். சில வருஷம் கழித்து ஒரு புதுப் பையன் வந்து அதே இடங்களில் தடுமாறினான். நோட்டு என் மேஜை டிராயரில் இருந்தது. நான் எடுக்கவில்லை. "நாங்களெல்லாம் கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டோம் தம்பி" என்றேன். அது பக்குவமான புத்திமதி என்றுகூட நினைத்துக்கொண்டேன். உண்மையில் அது பொறாமை, நான் பட்ட பாடு இவனுக்கு மட்டும் ஏன் இல்லாமல் போக வேண்டும் என்கிற பொறாமை. பல மாதம் கழித்து மனசு உறுத்தி ஒருநாள் நோட்டைக் கொடுத்தபோது, பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவன் கேட்டான், "அண்ணா, இது அப்போதே உங்களிடம் இருந்ததா?" இருந்தது என்று சொன்னேன், வேறென்ன சொல்ல.

ஸ்பீக்கர் விஷயத்துக்கு வருகிறேன். வருகிற சனிக்கிழமை வயர் இழுக்க நாங்கள் இரண்டு பேர் போகிறோம். கதவோரத்தில் நாற்காலியும் போட்டுவிடலாம் என்று பேச்சு. ஏணி நான் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருப்பவர் யார் தெரியுமா, அந்த மூத்த விசுவாசியேதான்.