ஒராதூர் இடிபாடுகளைக் காப்பது வீண்செலவல்ல

பிரான்சின் ஒராதூர்-சுர்-கிளான் கிராமத்தின் இடிபாடுகளை இனியும் செலவழித்துக் காக்க வேண்டுமா என்று ஒரு கட்டுரையாளர் கேட்கிறார். காக்கத்தான் வேண்டும் என்பது அங்கு சென்றுவந்த என் உறுதியான எண்ணம். 1944 ஜூன் 10 அன்று நாஜிகளின் எஸ்.எஸ். படையினர் 640-க்கும் மேற்பட்டோரைக் கொன்று ஊரையே எரித்த பின்னர், பிரெஞ்சு அரசு அதைப் புதுப்பிக்காமல் அப்படியே விட்டுவைத்து, அருகிலேயே புதிய ஊரை எழுப்பியது. பெண்களையும் குழந்தைகளையும் அடைத்துக் கொன்ற தேவாலயத்தினுள் நின்றபோது என்னால் ஒரு சொல்லும் பேச இயலவில்லை. ஆயினும், துருவேறிய தையல் இயந்திரங்களே (எங்கள் வீட்டிலும் அம்மாவுடையது ஒன்று உண்டு) அங்கு வாழ்ந்தவர்கள் நம்மைப் போன்ற எளிய குடும்பத்தினர் என்பதை எந்த அறிவிப்புப் பலகையையும்விட ஆழமாக எனக்கு உணர்த்தின. கூரையிழந்த அச்சுவர்களை மழையும் பனியும் ஆண்டுதோறும் அரித்துவருவதால், பராமரிப்பைத் தள்ளிப்போடுவது அவற்றை இழப்பதற்கே வழிவகுக்கும்.